தொடாத எல்லை

எங்கள் ஊர்ப் பள்ளியின் பட்டறையில் மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் வேலை நடுவே திடீரென நின்றுவிடும். எல்லைச் சுவிட்ச் தட்டப்பட்டதாகத் திரை சொல்லும். எல்லையோ ஒரு முழம் தள்ளி இருக்கும். கடைசியாக இயக்கிய பத்தாம் வகுப்பு மாணவன்மேல் பழி விழுந்தது. பட்டறைக்குள் அவனை விடவில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் தமிழாசிரியனான நான் உடனிருந்தேன். வந்த எலக்ட்ரீஷியன் யாரையும் விசாரிக்கவில்லை. கட்டையை அகற்றி, ஸ்பிண்டிலை அணைத்து, அதே நிரலை ஓட்டினார், இயந்திரம் நிற்கவில்லை. ஸ்பிண்டிலைச் சுழலவிட்டார்; நின்றது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் அந்த நிதானம், ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் தீர்க்கும் பதிப்பாசிரியருக்கு உரியது.

ஸ்பிண்டிலின் வேகத்தை ஆளும் விஎஃப்டி, மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி அனுப்புகிறது. அந்தக் கேபிளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த சுவிட்ச் கம்பி அந்த இரைச்சலை வாங்கிப் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறது. கம்பிகளைப் பிரித்து, ஷீல்டு கேபிள் இட்டு, ஷீல்டைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கம் மட்டும் எர்த் செய்தார்.

பழுது ஒரு பிற்பகலில் தீர்ந்தது. மாணவனைத் திரும்ப அழைக்க மூன்று நாள் ஆயிற்று. "அது ஏன் சார் நின்னுச்சு?" என்று என்னிடம் கேட்டான். அதுவரை அவனுக்கு ஒருவரும் காரணம் சொல்லியிருக்கவில்லை.