குப்பையில் உயர்ந்த மேடுகள்

நெதர்லாந்தின் வடக்கே பிரீஸ்லாந்து மாகாணம். அதன் தலைநகர் லேவார்டனில் ஓல்டஹோவ என்ற செங்கற் கோபுரம் சாய்ந்து நிற்கிறது. ஒரு தேவாலயத்துக்காக 1529இல் கட்டத் தொடங்கினார்கள். அடிமண் பாரம் தாங்காமல் அமிழ்ந்து, கோபுரம் சரிந்தது. சில ஆண்டுகளில் வேலையைக் கைவிட்டார்கள்.

நகரைத் தாண்டி நாட்டுப்புறம் சென்றேன். எங்கும் சமதரை, பசும்புல், மேயும் மாடுகள். இடையிடையே 'தெர்ப்' எனப்படும் மேடுகள். கடலுக்கு அணை இல்லாத காலத்தில், வெள்ளத்துக்குத் தப்புவதற்காக மக்கள் களிமண்ணையும் சாணத்தையும் வீட்டுக் குப்பையையும் கொட்டிக் கொட்டி உயர்த்திய இடங்கள் இவை. முதல் மேடுகள் ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழைமையானவை.

இவற்றுள் மிக உயர்ந்தது ஹெகபைந்தம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 9 மீற்றர். ஏறிப் பார்த்தேன். ஒரு புறம் செங்குத்தாக வெட்டுண்டு கிடந்தது. அணைகள் வந்தபின் மேடு எதற்கென்று, வளமான அந்த மண்ணைப் பசளையாக வெட்டி விற்றுவிட்டார்களாம். உச்சியிலிருந்த தேவாலயமும் அதன் மையவாடியும் எஞ்சின.

மேடுகளை வெட்டியபோது அகப்பட்ட பானைகளும் எலும்புச் சீப்புகளும் லேவார்டன் நூதனசாலையில் இருக்கின்றன. அந்தச் சீப்பால் தலைவாரிய தாய்மாரும் கூடை கூடையாகக் குப்பை சுமந்திருப்பார்கள். தம் பிள்ளைகளின் கால் நனையாதிருக்க அவர்கள் உயர்த்திய நிலம் அது.

சகோதரிகளே, நம் உம்மம்மாமார் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்தவற்றில், இனித் தேவையில்லையென்று நாம் வெட்டிக் கொடுப்பவை எவை? ஒரு தடவை எண்ணிப் பார்ப்போமா?