சுவிட்சர்லாந்தும் பெரியம்மாவின் பனைமரமும்

ஒரு வீடு கிறிஸ்தவர் வீடுதானா என்று தெரிந்துகொள்ள வாசலில் சிலுவையைத் தேட வேண்டியதில்லை. நேரே ஹாலுக்குப் போய் காலண்டரைப் பாருங்கள். பனி மூடிய மலை, கண்ணாடி மாதிரி ஒரு ஏரி, கரையில் ஒரு மரவீடு, பக்கத்தில் கொழுகொழுவென்று நாலு பசுமாடு. கீழே ஒரு வேத வசனம். வெளியே தூத்துக்குடி வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே சுவரில் மட்டும் வருஷம் பூரா பனி!

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஆளுக்கொன்று கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையிலும் அதே மலைதான். இப்போது அது செல்போனுக்கும் வந்துவிட்டது. எங்கள் அத்தை ஒருவர் தினமும் காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'குட்மார்னிங்'கில் அந்த ஏரி, அந்த மரவீடு, அந்த மாடு. அத்தை சாத்தான்குளத்தைத் தாண்டிப் போனது மொத்தம் மூன்று தடவை.

எனக்கு அந்த மலை மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. அழகான மலைதான். ஆனால் ஒரு சந்தேகம். இயற்கையைப் பார்த்துக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறார்களே, அதற்கு இயற்கை இவ்வளவு லட்சணமாக இருந்தே தீர வேண்டுமா? அப்படியென்றால் சுவிட்சர்லாந்துக்காரன் தினம் மூன்று வேளை நன்றி சொல்லட்டும். நம் தெற்கத்திச் சீமையில் செம்மண் தேரிக்காட்டில் பிறந்தவன் என்ன பண்ணுவான்?

திருச்செந்தூர் பக்கம் போனவர்களுக்குத் தேரி தெரியும். இரும்புச்சத்து ஏறிச் சிவந்த மணல், மேடு மேடாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஆடிக் காற்றில் சோற்றில் மணல் விழும். நடுநடுவே பனைமரம். அவ்வளவுதான் சீனரி. காலண்டர் போடுகிறவர் யாரும் காமிராவோடு வந்ததில்லை.

ஒரு சின்ன விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம். பைபிள் சுவிட்சர்லாந்தில் எழுதப்படவில்லை. அது எழுதப்பட்ட மண்ணும் கிட்டத்தட்ட நம்ம ஊர் மாதிரிதான். அக்டோபர் வாக்கில் மழை தொடங்கும், ஏப்ரலோடு சரி. அப்புறம் மாதக் கணக்கில் வெறும் நீல வானம்தான். முன்மாரி, பின்மாரி என்று மழைக்குக் கணக்கு வைத்துக் காத்திருந்த ஜனங்கள் அவர்கள். அந்த மண்ணில் மழைக்குப் பிறகு சில வாரங்கள் மட்டும் பூக்கள் பூத்துத் தள்ளும். வெயில் ஏறினால் எல்லாம் சருகு. காய்ந்த புல்லை வாரிக்கொண்டு போய் அடுப்பெரிப்பார்கள்.

'சாப்பாட்டுக்கு என்ன, துணிமணிக்கு என்ன' என்று கவலைப்பட்டவர்களிடம் இயேசு எடுத்துக் காட்டியது அந்தப் பூவைத்தான். சாலொமோன் ராஜாவின் டிரெஸ்ஸைவிட இது உசத்தி என்றார். அது என்ன பூ என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அனிமோன் என்ற சிவப்புப் பூ என்பது பலருடைய கட்சி. தமிழ் வேதாகமம் அந்த வம்புக்கே போகவில்லை. காட்டுப் புஷ்பம் என்று போட்டுவிட்டது. எனக்குப் பிடித்தது இதுதான். நட்டவன் கிடையாது, தண்ணீர் ஊற்றுகிறவன் கிடையாது, டிக்கெட் கிடையாது. ரயில்வே டிராக் ஓரத்தில்கூடப் பூக்கும்.

ஆபீஸ் போகிற நண்பர்கள் 104-ம் சங்கீதத்தை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். உலகத்தையே ஒரு ரவுண்டு சுற்றிக் காட்டுகிற பாட்டு. காட்டுக் கழுதை தண்ணீர் குடிக்கிறது, கொக்கு கூடு கட்டுகிறது, வரையாடு மலையேறுகிறது. ராத்திரி ஆனதும் சிங்கம் இரை தேடக் கிளம்புகிறது. பொழுது விடிந்ததும் சிங்கம் நைட் ஷிப்ட் முடித்துக் குகைக்குப் போய்ப் படுத்துக்கொள்ள, மனுஷன் தன் ஷிப்டுக்குக் கிளம்புகிறான். சாயங்காலம் வரை வேலை. ஓவர்டைம் பற்றிப் பேச்சில்லை! அந்தப் பாட்டில் மனுஷன் இயற்கையை வேடிக்கை பார்க்க வந்த டூரிஸ்ட் இல்லை. கழுதை, கொக்கு, சிங்கத்தோடு சேர்ந்து அவனும் அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரில் ஒரு பெயர். அவ்வளவுதான்.

சரி, நன்றியை எப்படிச் சொல்வது? எங்கள் சபைகளில் அதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது. அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். யூதர்கள் கூடையில் முதற்பலன் சுமந்துபோன பழைய வழக்கம்தான். இங்கிலாந்தில் 1843-ல் ஹாக்கர் என்கிற ஒரு பாதிரியார் கார்ன்வாலில் உள்ள தன் கிராமத்துக் கோயிலில் இதை ஒரு தனி ஆராதனையாக நடத்தப்போய், அது அந்த நாடெங்கும் பரவியது.

கிராமத்தில் இது சுலபம். வாழைத்தார், முருங்கைக்காய், கருப்பட்டி, காலைக் கட்டின சேவல் என்று பீடத்துக்கு முன்னால் குவிந்துவிடும். பிரசங்கத்தின் நடுவே சேவல் கூவினால் பேதுருவின் ஞாபகம் வந்து எல்லோரும் சிரிப்பார்கள். பட்டணத்தில்தான் பிரச்னை. மூன்றாவது மாடி பிளாட்டில் என்ன விளையும்? அதனால் நாங்கள் கோயம்பேட்டில் நாற்பது ரூபாய்க்கு ஒரு பூசணிக்காய் வாங்கிக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்) முகத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு, அதே பூசணிக்காயை ஐந்நூறு ரூபாய்க்கு ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். வீட்டில் திட்டு விழும்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பூசணிக்காய் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. மழைக்கு நாம் பில் கட்டுவதில்லை. வெயிலுக்கு மீட்டர் கிடையாது. ஓசியில் வந்ததற்கு வருஷத்தில் ஒரு நாளாவது கையை விட்டுக் காசு போகட்டுமே!

இதையெல்லாம் லஞ்ச் டயத்தில் அளந்துகொண்டிருந்தபோது அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அவர் கறுப்புச் சட்டைக் குடும்பம்.

"சூரியோதயத்துக்கு நன்றி சொல்றீங்க, சரி பிரதர். 2004 சுனாமிக்கு என்ன சொல்வீங்க? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில கும்பிட வந்தவங்களையே கடல் கொண்டுபோச்சே. பூவுக்குத் தேங்க்ஸ், அலைக்கு மட்டும் மௌனமா?"

சாப்பிட்டது தொண்டையில் நின்றது. லேசான கேள்வி இல்லை. இதற்கு ரெடிமேடாக ஒரு பதிலைச் சொல்கிறவரை நானும் நம்ப மாட்டேன். பைபிளும் அப்படிச் சுலபமாகச் சொல்லிவிடவில்லை. சங்கீதப் புஸ்தகத்தில் நன்றிப் பாட்டுகளுக்குச் சளைக்காமல் புலம்பல் பாட்டுகளும் இருக்கின்றன. யோபு என்று ஒரு மனிதர். ஒரே நாளில் பிள்ளைகள் போய், சொத்து போய், அப்புறம் உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து கடவுளையே வழக்குக்கு இழுத்தவர். கடைசியில் கடவுள் பேசுகிறார். ஆனால் 'ஏன்' என்பதற்கு விளக்கம் ஒன்றும் தரவில்லை. கடலைப் பார், பனியைப் பார், வரையாடு குட்டி போடுவதைப் பார், தீக்கோழியைப் பார் என்று நாலு அதிகாரத்துக்கு இயற்கையைத்தான் காட்டுகிறார். எனக்கு அது ரொம்ப நாள் புதிராகவே இருந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இல்லையே?

அந்தப் புதிரைக் கொஞ்சம் அவிழ்த்துக் கொடுத்தது எங்கள் பெரியம்மா.

பெரியம்மாவுக்குத் தேரிக்காட்டு ஓரத்தில் வீடு. பெரியப்பா பனையேறி. சீசனில் விடியற்காலையும் சாயங்காலமும் நாற்பது மரம் ஏறி இறங்குவார். இடுப்பில் பாளை அரிவாள், காலில் தளைநார். அவர் இறக்கிவரும் பதனீரை விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெரியம்மா. 1983 பங்குனியில் ஒருநாள் விடியுமுன் மரத்திலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள்.

பெரியம்மாவின் காலை ஜெபம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். பெரிய லிஸ்ட். கிணற்றுக்கு ஸ்தோத்திரம், கோழிக்கு ஸ்தோத்திரம், காற்றுக்கு ஸ்தோத்திரம். அதில் பனைக்கும் ஸ்தோத்திரம் உண்டு. நுங்கு, பதனீர், கிழங்கு, ஓலை என்று தனித்தனியாக! காலேஜ் லீவில் போயிருந்தபோது நான் கேட்டேன். "பெரியம்மா, பனைக்குமா? உங்களுக்கு மனசு எப்படி வருது?"

கிழங்கின் நாரை உரித்துக்கொண்டே சொன்னார்.

"ஏலே, மரத்துக்கா தோத்திரம் சொல்லுதேன்? மரத்தைத் தந்தவருக்குல்லா சொல்லுதேன். மரம் என்னலே செய்யும் பாவம்! அதுவும் என்னையப் போல படைப்புதானே. உங்க பெரியப்பாவைத் தள்ளணும்னு அதுக்கு எண்ணமா இருந்துச்சி? இந்த ரெண்டு பிள்ளையும் படிச்சது அந்த மரத்துலதான."

"அப்போ தந்தவர் மேல கோவமே வரலியா?"

"வராம? ஆறு மாசம் ஜெபத்துல சண்டைதான். வாய்க்கு வந்தபடி கேட்டேன். இப்பமும் எடையில எடையில கேப்பேன். சண்டை போட ஆள் இருக்காருன்னா தோத்திரம் சொல்லவும் அவருதானல இருக்கணும்?"

யோபு புஸ்தகத்துக்கு இதைவிடச் சுருக்கமான உரையை நான் இன்னும் கேட்கவில்லை. இயற்கையே கடவுள் என்று வைத்துக்கொண்டால் சுனாமி வந்த அன்றைக்கே பக்தி தீர்ந்துவிடும். இயற்கை நம்மைப் போல ஒரு படைப்பு, கொடுத்தவர் வேறு என்றால், நன்றியும் புகாரும் ஒரே விலாசத்துக்குப் போகும். பதில் வர லேட்டாகலாம். விலாசம் மட்டும் மாறாது.

இதையே எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒருவர் பாடிவிட்டார். அசிசி நகரத்து பிரான்சிஸ். (நான் சி.எஸ்.ஐ.; கத்தோலிக்கர்களின் புனிதரைப் பற்றி எழுதினால் எங்கள் ஐயர் கோபித்துக்கொள்ள மாட்டார்.) அவர் பாட்டில் சூரியன் அண்ணன், நிலா அக்கா, காற்று தம்பி, தண்ணீர் தங்கை, நெருப்பும் ஒரு சகோதரன். எல்லோரையும் காட்டி அவர் துதிப்பது கடவுளை. பறவைகளுக்குப் பிரசங்கம் பண்ணியவர் என்று பெயர் வாங்கியவர் பாட்டில் ஒரு பறவைகூட இல்லை என்பது வேடிக்கை!

எந்த நிலைமையில் பாடினார் என்பதுதான் முக்கியம். 1225-ம் வருஷம். கண் நோய் முற்றி, பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. பகலில் வெயில் வெளிச்சமும் ராத்திரி விளக்கு வெளிச்சமும் தாங்காமல் ஐம்பது நாளுக்கு மேல் ஒரு குடிசை இருட்டில் கிடந்தார். எலித் தொல்லையில் தூக்கமும் கிடையாது. எந்தச் சூரியன் கண்ணைக் குத்தியதோ அதைத்தான் 'அண்ணன்' என்று பாடினார். பிறகு வைத்தியம் என்று பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காதுப் பக்கத்திலிருந்து புருவம் வரை சூடு போட்டார்கள். அப்போதும் நெருப்பிடம், 'சகோதரனே, கொஞ்சம் பார்த்து நடந்துகொள்' என்கிற மாதிரி பேசினாராம். அடுத்த வருஷம் அக்டோபரில் இறந்துபோனார். அதற்கு முன் பாட்டில் மரணத்தையும் 'சகோதரி' என்று சேர்த்துவிட்டார். 2015-ல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய சுற்றுமடலுக்குத் தலைப்பு வைத்தது இந்தப் பாட்டிலிருந்துதான்.

பெரியம்மாவுக்கு அசிசி எந்தப் பக்கம் என்று தெரியாது. பிரான்சிஸ் பனைமரம் பார்த்திருப்பாரோ என்னவோ. இரண்டு பேரும் ஒரே கட்சி.

இதை அக்கவுன்ட்ஸ் நண்பரிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க பெரியம்மாவைப் பிடிச்சிருக்கு. கடவுளைப் பத்தி அப்புறம் பார்ப்போம்" என்றார். நியாயமான பதில்.

இன்று சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பக்கத்தில் தூங்குமூஞ்சி மரம் இருக்கிறதா பாருங்கள். சென்னையில் நிறைய இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் இலையை மடக்கி, 'இன்றைக்கு இவ்வளவுதான்' என்று கடையைக் கட்டிவிடும். பஸ் எப்படியும் லேட்டாகத்தான் வரும். அதுவரைக்கும் அந்த மரத்தைப் பார்த்து ஒரு தேங்க்ஸ் சொல்லுங்கள். மரத்துக்கு இல்லை சார், பெரியம்மா சொன்ன விலாசத்துக்கு. புகார் ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்பலாம்.