ஹொப்ஸ் கொடியும் கூடைக் கணக்கும்

பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுத்து, அது விரைவில் கெட்டுவிடாமலும் காப்பது ஹொப்ஸ் என்னும் கொடியின் பூ. இங்கிலாந்தின் தென்கிழக்கே அமைந்துள்ள கென்ற் பிரதேசம் நூற்றாண்டுகளாக இக்கொடிக்குப் பேர்போனது. அங்கே எனது மகள் வாங்கிய வீட்டின் பின்வளவில், முன்னைய உரிமையாளர் நட்டுச்சென்ற ஹொப்ஸ் கொடியொன்று நின்றது. எங்கள் குடும்பத்தில் பியர் அருந்துவோர் எவருமில்லை. எனினும் அதனை வெட்டியெறிய மகளுக்கு மனம் வரவில்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நான் அங்கு தங்கியிருந்த ஆண்டில் அதனைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்துசேர்ந்தது.

மாரியில் மேற்பகுதி முழுவதும் பட்டுப்போக, மண்ணுக்குள் வேர் மாத்திரம் உறங்கும். இளவேனிலில் பல முளைகள் ஒன்றாகக் கிளம்பும். அவற்றுள் திடமான இரண்டு மூன்றை விட்டு ஏனையவற்றைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளிய முளைகளைக் கறியாகச் சமைக்கலாம். இக்கொடிக்குப் பற்றுச்சுருள் கிடையாது. தண்டிலுள்ள சொரசொரப்பான மயிர்களால் கயிற்றைப் பற்றி, மணிக்கூட்டு முள் சுற்றும் திசையிலேயே ஏறும். ஐந்தாறு மீற்றர் உயரம் வரை செல்லும்.

இது நம்மூரில் வளருமா எனப் பலர் கேட்டனர். ஹொப்ஸ் பூப்பது பகலின் நீளத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தின் தென்பகுதியில் கோடையின் நடுவே பகல் பதினாறு மணித்தியாலத்துக்கும் அதிகம். அந்த நீண்ட பகலில் ஓங்கி வளர்ந்து, பகல் குறுகத் தொடங்கியதும் கொடி பூக்கும். யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் மாத்திரமே. அந்த நீண்ட கோடைப் பகலை நம்மூரில் எங்கு தேடுவது?

செப்டெம்பரில் பெண்பூக்கள் சிறு கூம்புகளாகி, காகிதம்போலச் சரசரத்தன. பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள். விரல்களில் பிசினும் கசப்பும். ஒரு கூடை நிறையப் பறித்து அயல்வீட்டு முதியவருக்குக் கொடுத்தேன். அவர் கூடைக்குள் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். கூடை பாதியாகியது. "என் அம்மாவுக்கு இப்படித்தான் அளந்தார்கள்" என்றார்.

கிழக்கு இலண்டனின் ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் பிள்ளைகுட்டிகளுடன் கென்றுக்கு வந்து ஹொப்ஸ் பறித்தன. அவை தங்கியவை சிறு குடிசைகள். கூலி புஷல் கணக்கில். 1931ஆம் ஆண்டு அவர்களோடு சேர்ந்து பறித்த எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல், அளப்பவர் விரும்பினால் எவ்வளவையும் அழுத்திக் குறைத்துவிடலாம் என்பதனை அவ்வாண்டிலேயே எழுதினார். 1853ஆம் ஆண்டு ஒக்ரோபர் 20ஆம் திகதி, வேலை முடிந்து திரும்பியவர்களின் வண்டி ஹார்ட்லேக் மரப்பாலத்திலிருந்து மெட்வே ஆற்றில் வீழ்ந்து முப்பது பேர் மாண்டனர். 1960களில் இயந்திரங்கள் பரவியதும் கையால் பறிக்கும் வழக்கம் மறைந்தது.

பத்திரிகையாளனாக மலையகத் தோட்டங்களுக்குச் சென்றபோதெல்லாம் நான் கேட்ட முறைப்பாடும் இதுவே. நாள் முழுவதும் மழையில் நின்று பறித்த கொழுந்தில், ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படும். தராசு எப்போதும் மறுபக்கத்தில் இருக்கும். ஹொப்ஸை அழுத்திச் சுருக்கினார்கள். கொழுந்தைக் கழித்துச் சுருக்கினார்கள். லயமும் கென்ற் குடிசையும் ஒன்றல்ல. இலண்டன்காரர் சில வாரங்களில் வீடு திரும்பினர். நம்மவர் தலைமுறைகளாக லயத்திலேயே வாழ்ந்தனர். ஆயினும் அழுத்திய கை ஒன்றுதான்.

தேநீரோ பியரோ அருந்துபவருக்கு அக்கை தெரிவதில்லை. வீட்டு வளவில் ஒரு கொடியை வளர்த்து, ஒரு கூடை நிறைய எவ்வளவு நேரமாகின்றது எனப் பறித்துப் பார்த்தால் ஓரளவேனும் புரியும்.