லேசான தடியடி

பத்திரிகைத் தமிழில் சில வார்த்தைகள் புருஷன் பெண்டாட்டி மாதிரி. பிரிக்கவே முடியாது. விபத்து என்றால் 'கோர'. பேட்டி என்றால் 'பரபரப்பு'. கூட்டம் என்றால் 'கட்டுக்கடங்காத'. அதே மாதிரி, தடியடி என்றால் 'லேசான'.

இந்த 'லேசான'வைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாராக இருந்தாலும் சரி, அவர் அடி வாங்கினவர் இல்லை. அது மட்டும் நிச்சயம்.

'டிக்கெட் வாங்க ரசிகர்கள் முண்டியடித்ததால் போலீசார் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்.' எத்தனை தடவை படித்திருப்பீர்கள்! காபியை உறிஞ்சிக்கொண்டே இந்த வரியைத் தாண்டி, டெண்டுல்கர் எத்தனை, கும்ப்ளே எத்தனை என்று பார்க்கப் போய்விடுவோம்.

இந்த ஒரு வரியில் எனக்கு இரண்டு வார்த்தைகள் மேல் சந்தேகம். ஒன்று, 'லேசான'. இன்னொன்று, 'கலைத்தனர்'. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் 'லேசான'.

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு ஊரில் (பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கதைதான்) இந்தியா ஆடும் ஒரு நாள் மாட்ச். நானும் என் ஆபீஸ் நண்பனும் விடிகாலை நாலு மணிக்கே டிக்கெட் கியூவுக்குப் போனோம். போனால், எங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர். ராத்திரியே பாயும் தலையணையுமாக வந்து படுத்தவர்கள்!

நண்பன் எங்கள் ஆபீஸ் டீமில் லெக் ஸ்பின்னர். அவன் பந்து சுமாராகத் திரும்பும். ஆனால், எந்தப் பேச்சை எடுத்தாலும் அவன் பந்தைப் பற்றியே பிரமாதமாகத் திருப்புவான். கியூவில் நின்ற ஆறு மணி நேரமும் எனக்கு கூக்ளி பற்றி விரிவுரை.

ஒரு பக்கம் மைதானத்துச் சுவர். இன்னொரு பக்கம் சவுக்குக் கட்டைத் தடுப்பு. நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. அதில் மூன்று மூன்று பேராக நாங்கள். வெயில் ஏறியது. பத்தரை மணிக்குக் கவுண்ட்டர் ஜன்னல் 'டப்'பென்று மூடியது. 'டிக்கெட் இல்லை' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. கியூ நகருகிறது என்று நினைத்து இன்னும் தள்ளினார்கள். 'முண்டியடித்தல்' என்பது இவ்வளவுதான் சார்.

அப்புறம் விசில். அப்புறம் லத்தி.

"ஓடு, ஓடு" என்றார்கள். எங்கே ஓட? முன்னால் மூடின ஜன்னல். பின்னால் ஜனம். இடது பக்கம் சுவர், வலது பக்கம் கட்டை. அடி வாங்காமல் ஒதுங்கவும் இடமில்லை. அடி வாங்கினால் விழவும் இடமில்லை. நண்பன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வலது கையைத் தூக்கினான்.

மணிக்கட்டில் விழுந்தது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. சம்பள ரிஜிஸ்டரில் இடது கையால் கையெழுத்துப் போட்டான். கேஷியர் நாலு தடவை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். கட்டுப் பிரித்த பிறகு டைப் அடிக்க வந்தது. டீ டம்ளர் தூக்க வந்தது. லெக் பிரேக் மட்டும் வரவில்லை. மணிக்கட்டு பாதிக்கு மேல் சுழலவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாட்ச்களில் அவனை ஸ்கோர் எழுத உட்கார வைத்தோம். அதற்கப்புறம் அவன் கூக்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. கை உடைந்ததைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'லேசான தடியடி'.

*

இதை எங்கள் மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி. போலீசில் ஹெட்கான்ஸ்டபிளாக இருந்து ரிடையர் ஆனவர். டிபார்ட்மெண்டைப் பற்றி யார் குறை சொன்னாலும் மீசை துடிக்கும். அன்றைக்குத் துடிக்கவில்லை.

"மாப்ளே, நீங்க மாட்ச்சைப் பார்க்க வர்றீங்க. நாங்க உங்களைப் பார்க்க வர்றோம்" என்றார். "விடிகாலம் அஞ்சு மணிக்கு டூட்டி. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எட்டு மணி நேரம் உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கணும். சிக்ஸர்னு சத்தம் கேக்கும், திரும்பக் கூடாது. பொட்டலம் வந்தா சோறு, வராட்டி இல்லை. அந்த நேரம் பார்த்து வாக்கிடாக்கியில ஆர்டர் வரும், 'க்ளியர் பண்ணு'ன்னு."

"எங்கே க்ளியர் பண்றது மாமா?"

"அது ஆர்டர்ல வராது மாப்ளே."

என் இரண்டாவது சந்தேகத்துக்கு, அதாவது 'கலைத்தனர்' என்ற வார்த்தைக்கு, இதைவிட நல்ல உரை கிடையாது. தெருவில் கூட்டத்தைக் கலைக்கலாம். நாலு சந்து இருக்கும், பத்துத் திண்ணை இருக்கும், பெட்டிக்கடை மறைவு இருக்கும். ஸ்டேடியம் அப்படியா? சுற்றிலும் சுவர். வெளியே வர வேண்டுமென்றால் வாசல் ஒன்றுதான் வழி. வாசல் மூடியிருக்கும்போது அடித்தாலோ, கண்ணீர்ப் புகை போட்டாலோ, கூட்டம் கலையாது. நசுங்கும்.

நான் மிகைப்படுத்தவில்லை. மூன்று ஊர்க் கதை சொல்கிறேன்.

முதல் ஊர், பெரு நாட்டுத் தலைநகர் லிமா. 1964, மே 24. ஒலிம்பிக் தகுதிக்கான கால்பந்து, பெருவும் அர்ஜென்டினாவும். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே பாக்கி. பெரு போட்ட கோலை நடுவர் செல்லாது என்றார். கோபத்தில் மைதானத்துக்குள் ஓடின ரசிகரைப் போலீஸ் அடித்தது. அதைப் பார்த்து காலரி கொதித்தது. காலரிப் பக்கம் கண்ணீர்ப் புகைக் குண்டுகள் பறந்தன. ஜனங்கள் படிக்கட்டு வழியாகக் கீழே ஓடினார்கள். தெருவுக்குப் போகிற இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. முன்னால் போனவர்களுக்குக் கதவு. பின்னால் வந்தவர்களுக்குப் புகை. அரசாங்கக் கணக்குப்படி 328 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அந்தப் படிக்கட்டுகளில், மூச்சுத் திணறி.

இரண்டாவது, ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ரா. 2001, மே 9. உள்ளூர் ஜாம்பவான்களான ஹார்ட்ஸ் ஆஃப் ஓக்கும் அசாந்தே கொடோகோவும் மோதின. கடைசி நேரத்தில் கொடோகோ தோற்றது. அதன் ரசிகர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பெயர்த்து எறிந்தார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகை போட்டது. ஓடினார்கள். வாசலில் பூட்டு. 126 பேர்.

லிமாவுக்கும் அக்ராவுக்கும் நடுவில் 37 வருஷம். மனிதன் சந்திரனில் இறங்கினான். கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்தது. ஸ்டேடியத்துப் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாவது, இந்தோனேஷியாவில் மலாங். 2022, அக்டோபர் 1. சொந்த மைதானத்தில் அரேமா அணி, பரம எதிரியான பெர்செபயாவிடம் 3-2 என்று தோற்றது. கலாட்டா வரக்கூடாதென்று எதிரணி ரசிகர்களை அன்று உள்ளேயே விடவில்லை. ஆக, அடித்துக்கொள்ள எதிராளியே கிடையாது! தோல்வி தாங்காமல் அரேமா ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். இறங்கினவர்கள் மேல் மட்டுமல்ல, மேலே சும்மா இருந்தவர்கள் பக்கமும் போலீஸ் புகைக்குண்டு போட்டது. மறுபடி அதே ஓட்டம், அதே குறுகலான வாசல். 135 பேர். அதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

இத்தனைக்கும், மைதானத்துக்குள் இந்த மாதிரி வாயுவைக் கொண்டுவரவே கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கேஸ் கோர்ட்டுக்குப் போனது. 2023 மார்ச்சில் இரண்டு போலீஸ் அதிகாரிகளை விடுதலை செய்தார்கள். காற்று வீசினதால் புகை காலரிக்குப் போகவே இல்லையாம்! அதே வருஷம் ஆகஸ்டில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு பேரின் விடுதலையையும் ரத்து செய்து, சிறைத்தண்டனை கொடுத்தது. காற்றுக்குத் தண்டனை இல்லை.

*

"ஏன்யா, ரசிகர்கள் எல்லாம் உத்தமர்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

இல்லை. பாட்டில் எறிகிறவனை நான் என் பக்கத்து சீட்டில் பார்த்திருக்கிறேன். அவனைப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் கை தட்டுவது நான்தான். என் வழக்கு வேறு. பாட்டில் எறிந்தவன் ஒருத்தன். அடி வாங்குகிறவர்கள் அந்த வரிசை முழுக்க. லத்திக்கு சீட் நம்பர் தெரியாது.

1999 பிப்ரவரியில் கல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட். டெண்டுல்கர் ஷோயிப் அக்தர் மீது மோதி, ரன் அவுட் ஆன அந்த மாட்ச். கடைசி நாள் இந்தியா தோற்கப் போவது தெரிந்ததும் பேப்பரைக் கொளுத்தினார்கள், கல்லும் பாட்டிலும் பறந்தன. போலீஸ் லத்தியும் கையுமாக இறங்கி, சுமார் 65,000 பேரையும் வெளியேற்றியது. கல் எறிந்தவனும் வெளியே; தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு வந்த பேரனும் வெளியே. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். பிறகு காலி மைதானத்தில் பாகிஸ்தான் பத்தே பந்தில் வேலையை முடித்தது. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வாசல்களைத் திறந்து, நேரம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். அதனால் மானம் மட்டும் போனது, உயிர் போகவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்பு, அதே இரண்டு அணிகள், நம் சேப்பாக்கத்தில். டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். வயிறு எரிந்தது. ஆனாலும், மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று கை தட்ட, பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். அன்றைக்கு லத்திகளுக்கு வேலையே இல்லை. கூட்டம் என்றாலே காலிக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு தயாராக வருகிறவர்கள், அந்த வீடியோவை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

போர்ச்சுகல் போலீஸ் இதை ஒரு பாடமாகவே படித்தது. 2000-ல் பெல்ஜியத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பையின்போது இங்கிலாந்து ரசிகர்களைத் தண்ணீர்ப் பீரங்கியாலும் கண்ணீர்ப் புகையாலும் வரவேற்று, நூற்றுக்கணக்கில் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். கலாட்டா குறையவில்லை. 2004-ல் கோப்பை போர்ச்சுகலுக்கு வந்தது. அங்கே கிளிஃபோர்ட் ஸ்டாட் போன்ற கூட்ட மனோதத்துவ நிபுணர்களின் யோசனையைக் கேட்டார்கள். மாட்ச் நடந்த நகரங்களில் சாதாரண யூனிபாரத்தில் இரண்டு இரண்டு போலீசார். ரசிகர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு. கவசம் போட்ட படை கண்ணில் படாத தூரத்தில். தகராறு பண்ணினவனை மட்டும் தனியாகத் தூக்குவது. மாட்ச் நகரங்கள் அமைதியாக இருந்தன. அதே நாட்டில், இந்தப் பாணியைக் கடைப்பிடிக்காத வேறொரு போலீஸ் பிரிவின் பொறுப்பில் இருந்த அல்பூஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில்தான் ரகளை நடந்தது.

நம் சட்டமும் ஒன்றும் மோசமில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-வது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129) என்ன சொல்கிறது? முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும். கலையாவிட்டால்தான் பலப்பிரயோகம். 'கலைந்து போ' என்று சொல்வதில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது: போவதற்கு வழி இருக்க வேண்டும்! வழியை அடைத்துவிட்டுப் போகச் சொல்வது, கையைக் கட்டிவிட்டு இலையில் பரிமாறுகிற மாதிரி.

வாசலும் கொல்லும். 2025 ஜூன் 4-ந் தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில், ஐ.பி.எல். கோப்பையைக் கொண்டாட வந்த 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். தங்கள் அணி ஜெயித்ததற்காக வந்தவர்கள். யாரோடும் சண்டைக்கு வந்தவர்கள் இல்லை.

ஆகவே, மேலே வாக்கிடாக்கியில் பேசுகிற அதிகாரிகளுக்கு என் மாமாவின் சார்பில் ஒரு விண்ணப்பம். 'க்ளியர் பண்ணு' என்பதற்கு முன்னால் 'வாசலைத் திற' என்று ஓர் ஆர்டர் போடுங்கள். டிக்கெட் தீர்ந்துவிட்டால், ஜன்னலை மூடுவதற்கு முன்னால் கியூவின் வால் வரைக்கும் மைக்கில் சொல்லுங்கள்.

நிருபர் நண்பர்களுக்கும் ஒன்று. அந்த 'லேசான'வுக்கு ரிடையர்மெண்ட் கொடுங்கள். அதற்குப் பதில், எத்தனை பேருக்கு எங்கே கட்டுப் போட்டார்கள், வாசல் திறந்திருந்ததா என்று இரண்டே வரி விசாரித்துப் போடுங்கள்.

மாட்ச்சுக்குப் போகிற உங்களுக்கு: சீட்டைத் தேடுவதற்கு முன்னால் வாசலைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன வழி, வெளியே வரும் வழி, இரண்டையும் பாருங்கள். பூட்டியிருந்தால், பக்கத்தில் நிற்கிற கான்ஸ்டபிளிடம் மரியாதையாக விசாரியுங்கள்.

"சாவி யார்கிட்டே சார் இருக்கு?"

பாவம், அவருக்கும் அது தெரிந்திருப்பது நல்லது.