சிராக் தில்லி: சிவப்பு விளக்கில் நின்ற திட்டம்

தெற்கு தில்லியின் சிராக் தில்லி முதலில் ஒரு கிராமம்; அப்புறம்தான் அது சிக்னல். 1356ல் மறைந்த சூஃபி ஞானி நசிருத்தீன் மஹ்மூதின் தர்கா இங்கே இருக்கிறது. துக்ளக் சுல்தான் எண்ணெய் விற்கத் தடை போட்டபோது, இரவில் நடந்த படிக்கிணறு வேலைக்குத் தண்ணீர் ஊற்றியே விளக்கெரித்தாராம். 'தில்லியின் விளக்கு' என்ற பெயர் அப்படி வந்தது என்பது கதை. முகமது ஷா காலத்து மதிலின் மிச்சங்களைத் தாண்டி வெளியே வந்தால் அவுட்டர் ரிங் ரோடு, மேம்பாலம், அதன் அடியில் நாற்சந்தி. கதை இல்லாத இரைச்சல் இங்கிருந்து ஆரம்பம்.

2008 ஏப்ரலில் இந்தச் சந்திப்பு தில்லி முழுக்கப் பேசப்பட்டது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தூரத்துக்கு, சாலையின் நடுப்பகுதி பேருந்துகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. அங்கே கார்களுக்கு இடமில்லை. தில்லி கேட் வரை 14.5 கி.மீ. போக வேண்டிய பாதையின் முதல் துண்டு இது. கடைசித் துண்டும் இதுவாகவே ஆனது.

கார்க்காரர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பேருந்துக்குத் தனி முறை, திரும்புவோருக்குத் தனி முறை என்று சிக்னல் நீண்டது. பக்கத்துத் தடங்களில் வண்டிகள் வரிசை கட்டின. வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் குடியிருப்புத் தெருக்களுக்குள் புகுந்து போவதாக உள்ளே இருந்தவர்களும் குமுறினார்கள். நிறுத்தங்கள் நடுச்சாலையில் இருந்ததால் பேருந்து பிடிப்பவர் எப்படியும் பாதிச் சாலையைக் கடந்தாக வேண்டும். பழக்கமில்லாத ஊரில் அது சின்ன விஷயமல்ல. தடத்துக்குள் கார் நுழையாமல் பார்த்துக்கொள்ளக் காவலாட்களை நிறுத்த வேண்டியிருந்தது.

ஆனால் அந்த நடுத்தடத்தில் போனவர்கள் யார்? பாதையின் தென்முனையில் இருப்பவை தக்ஷிண்புரி, மதன்கீர் போன்ற மறுகுடியேற்றப் பகுதிகள். வடக்கே டிஃபென்ஸ் காலனி, கிரேட்டர் கைலாஷ் வீடுகள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் காலையில் கிளம்புகிறவர்களுக்குப் பேருந்துதான் கதி. எண்ணிக்கையில் பேருந்துகள் சொற்பம். பயணம் செய்தவர்களில் பாதிக்கு மேல் அவற்றில்தான். தேங்கி நின்ற கார்கள் படத்தில் தெரிந்தன. அவர்கள் மிச்சம் பிடித்த நிமிடங்கள் எந்தப் படத்திலும் விழவில்லை.

வழக்கு 2012ல் தில்லி உயர்நீதிமன்றம் போயிற்று. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் வாகனங்களைக் கணக்கிட்டு, தனிப்பாதை இல்லாதிருப்பதே மேல் என்றது. சோதனைக்காகப் பேருந்துத் தடம் எல்லா வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அக்டோபர் 18ந் தேதி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. திட்டம் பிழைத்தது என்றுதான் தோன்றியது. ஆனால் தீர்ப்பு காப்பாற்றியதை அரசியல் காப்பாற்றவில்லை. நடுத்தர வர்க்கத்தின் எரிச்சல் மேலும் மூன்று ஆண்டுகள் புகைந்தது. 2015ல் ஆம் ஆத்மி அரசு பாதையை எடுத்துவிட முடிவு செய்தது. 2016 ஜனவரியில் இடிப்பு வேலை ஆரம்பித்தது. பேருந்துகள் மறுபடியும் கூட்டத்தோடு கூட்டமாக ஊர்ந்தன. அதனால் சந்திப்பில் நெரிசல் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேம்பாலத்தின் அடியில் நின்று பார்த்தால் போதும்.

2018 மே மாதம் சிராக் தில்லிக்கு மெட்ரோ வந்தது. அது கிழக்கு-மேற்காகப் போகிறது. அம்பேத்கர் நகர்க்காரர்களின் வடக்குப் பயணத்துக்கு அது நேர்வழி இல்லை. அந்த வழிக்காக லஜ்பத் நகரிலிருந்து சாகேத் ஜி பிளாக் வரை, சிராக் தில்லி வழியாக, 8 நிலையங்களோடு ஒரு மெட்ரோப் பாதைக்கு மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது.