முதுகில் ஒரு மூட்டை, முன்னால் ஒரு மலை

"வியத்நாமுக்குப் போகப் போகிறேன், சித்தி!" என்றாள் என் அக்கா மகள். வில்லிவாக்கத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

வயது இருபத்திரண்டு. படிப்பு முடிந்து வேலை கிடைத்து, முதல் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்திருக்கிறாள். தெற்கே டா லாட், வடக்கே ஹா ஜாங் என்று அந்த நாட்டின் மலைப் பிரதேசங்களைப் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் சுற்ற வேண்டுமாம். ஓட்டல் ஏற்பாடு கிடையாது, வழிகாட்டி கிடையாது. முதுகில் ஒரு பை. அவ்வளவுதான்!

அடுத்த நிமிஷம் அக்கா டெலிபோனில் வந்துவிட்டாள். "உன் பேச்சைத்தான் அவள் கேட்பாள். எப்படியாவது அந்தப் பைத்தியத்தைத் தெளிய வை" என்றாள். குரலில் அழுகை இருந்தது.

சகோதரிகளே, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் ஒரு தந்திரம் செய்தேன். "முதலில் மூன்று நாள் என்னுடன் வா. இங்கேயே, புதுக்கோட்டைச் சீமையில். பஸ், மோட்டார் சைக்கிள், முதுகுப் பை எல்லாம் உண்டு. அதில் உனக்கு அலுத்துப் போனால் வியத்நாமை மறந்துவிட வேண்டும்" என்றேன். மூன்றே நாளில் முதுகு வலி வந்து புத்தி தெளியும் என்பது என் கணக்கு. வலி வந்தது. யாருக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அரைக்காசின் கதை

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பஸ் பிரயாணம். கீரனூர் தாண்டியதும் பூமியின் நிறம் மாறிவிடுகிறது. செம்மண், பனை, தைலமரக் காடு. நடுநடுவே, யானைகள் படுத்திருப்பது போல மொட்டைப் பாறைக் குன்றுகள்.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம் இது. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரியில் தனி மாவட்டம் ஆயிற்று. மன்னர் வாழ்ந்த அரண்மனைதான் பிறகு கலெக்டர் ஆபீஸாக மாறியது. ஊருக்குள் வீதிகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் நேராக இருக்கும். 1878 முதல் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியாருக்குச் சேர வேண்டிய புகழ் அது.

திருக்கோகர்ணத்துக்கு டவுன் பஸ் ஏறினோம். கண்டக்டர் எங்கள் இருவருக்கும் பணம் வாங்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதம் வந்த சலுகை. என் பக்கத்தில் பூக்கூடையுடன் இருந்த அம்மாள், "முந்தி நடந்து போவேன். இப்போ பஸ்காசு பிள்ளைக்குப் பால் காசு" என்றாள். பொருளாதாரப் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

பாறையைக் குடைந்த பழைய கோயில் திருக்கோகர்ணம். அங்கே குடியிருக்கும் பிருகதாம்பாள்தான் நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த அரைக்காசு அம்மன். தொண்டைமான்கள் தங்களை 'பிருகதாம்பா தாஸ்' என்றே சொல்லிக்கொண்டார்கள். நவராத்திரியில் அரண்மனையில் அரிசி வழங்கும்போது ஒரு சின்னக் காசும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஒரு பக்கம் அம்மன் உருவம். மறு பக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. அந்த அம்மன் காசினால் வந்த பெயர்தான் அது. மூக்குத்தித் திருகு தொலைந்தாலும் பீரோச் சாவி தொலைந்தாலும், "அரைக்காசு அம்மா, வெல்லம் வைக்கிறேன்" என்று வேண்டிக்கொள்ளாத வீடு உண்டா?

நாங்கள் போனபோது நடை சாத்தியிருந்தது. "அருகிலேயே மியூஸியம் இருக்கிறது, அதைப் பார்ப்போம். அம்மனை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று அலட்சியமாகச் சொன்னேன். 1910-ல் தொடங்கிய அருமையான காட்சிசாலை அது. ஆனால் அம்மன் என் அலட்சியத்தைக் குறித்து வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது!

இரவு ஒரு சின்னக் கடையில் இடியாப்பமும், இவ்வூர்ப் பிரசித்தமான முட்டை மாஸும் அவள் சாப்பிட்டாள். நான் என் தோளுக்குத் தைலம் தடவிக்கொண்டேன். அவள் பையில் இரண்டு ஜோடி உடை, ஒரு துண்டு, மருந்து டப்பா. என் பையில் நான்கு புடவை, முறுக்கு டின், போர்வை, இரண்டு நாவல்! "சித்தி, வீட்டையே தூக்கி வந்திருக்கிறீர்களே!" என்று சிரித்தாள்.

கல்லில் எழுதிய பாடம்

மறுநாள் தோழியின் தம்பியிடம் மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கினோம். அவள் ஓட்ட, நான் பின்னால். புடவைக்கு லீவு கொடுத்துவிட்டேன். முதல் ஐந்து கிலோமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம், அப்புறம்தான் திறந்தேன். திறந்தது நல்லதாய்ப் போயிற்று. அன்னவாசல் சாலையில் மாசி மாதக் காலை வெயிலும் செம்மண் வாசனையும் முகத்தில் அடித்தன.

பதினாறாவது கிலோமீட்டரில் சித்தன்னவாசல். குன்றின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கினால், பாறையில் வெட்டிய குழிகளில் கால் வைத்துப் போக வேண்டும். அந்த ஏழு அடிக் குழிகளால்தான் அதற்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். இப்போது கம்பி வேலி இருக்கிறது. வேலி இல்லாத காலத்தில் ஜைனத் துறவிகள் அங்கே தங்கித் தவம் செய்திருக்கிறார்கள். வழவழப்பான பதினேழு கற்படுக்கைகள். தலைப் பக்கம் தலையணை போல மேடு. ஒரு படுக்கையின் ஓரத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்து. "என் பையைவிடச் சின்னப் பையோடு வந்திருப்பார்கள்" என்றாள் அக்கா மகள்.

கீழே அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம். மீன், அன்னம், எருமை, யானை, பூப் பறிக்கும் இளைஞர்கள்! பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. பல இடங்களில் வர்ணம் உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பதே மனத்தை நிறைக்கிறது.

அங்கிருந்து குடுமியான்மலை. பாறைச் சரிவில் 38 வரிகளாக, ஏழு பண்களின் சுரங்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. காலம் 7-ம் நூற்றாண்டு. ருத்ராசாரியார் என்பவரின் சிஷ்யனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக அங்கேயே எழுதியிருக்கிறது. எப்படிப்பட்ட பாடப் புஸ்தகம், பாருங்கள்! கிழியாது, தொலையாது.

தொலைந்தது மோட்டார் சைக்கிள் சாவிதான்.

"திரும்பி வர வழி தெரியுமா?"

சட்டைப் பை, முதுகுப் பை, கோயில் படி, டீக்கடை பெஞ்சு எல்லா இடமும் தேடியாயிற்று. நடுப்பகல். வண்டியோ இரவல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அக்காவின் முகம் கண்ணெதிரே வந்து நின்றது. 'இதற்குத்தான் வேண்டாமென்றேன்' என்று அது சொல்லிற்று.

வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூப்பிட்டாள். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். "அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிறேன்னு சொல்லுங்க தாயி, கெடைக்கும்" என்றாள். சொன்னேன், நேற்றைய அலட்சியத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு! அந்த அம்மாளும் எங்களோடு தேடினாள், தேடிக்கொண்டே பேசினாள்.

"நானும் வண்டி ஓட்டுனவதான். சைக்கிளு. தொண்ணூத்திரண்டுல அறிவொளிக்காரவுக வந்து எழுத்துப் படிக்கச் சொன்னாக. அப்புறம் சைக்கிள் பழகச் சொன்னாக. ஊருக்கே ஒரு வண்டி, அதுவும் ஆம்பளை வண்டி. நெலா வெளிச்சத்துல கம்மாக்கரையில பழகினோம். முட்டி பேந்துபோச்சு. 'உனக்கென்ன கலெக்டர் உத்தியோகமா?'ன்னா என் மாமியா. 'கலெக்டரே பொம்பளைதான், அவுகதான் ஓட்டச் சொல்றாக'ன்னேன். ரெண்டு வருசம் கழிச்சு அதே மாமியாவைப் பின்னாடி வச்சு ஆசுபத்திரிக்கு மிதிச்சேன்."

நேயர்களே, இது அந்த அம்மாளின் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 1991-ல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிய காலத்தில் கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாயிநாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்களாம். முன்னால் உள்ள கம்பியில் குழந்தையை உட்காரவைக்கச் சௌகரியம் என்றார்களாம்! கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர்க் குடமும் விளைச்சல் மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளையும் சைக்கிளில் ஏறியபிறகு கேலி எத்தனை நாள் நிற்கும்?

"அதுல என்னம்மா அவ்வளவு லாபம்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு அது வர நேரத்துக்குத்தானே வரும்? வீட்டு ஆம்பளை அவருக்குத் தோதான நேரத்துக்குத்தானே கூட்டிப் போவாக? சைக்கிள்னா என் நேரத்துக்குப் போவேன், என் நேரத்துக்கு வருவேன்" என்றாள். பிறகு அக்கா மகளைப் பார்த்து, "நீ எங்கே போகப் போறே பாப்பா?" என்றாள்.

"வியத்நாமுக்குப் பாட்டி."

"அது எங்கே, அறந்தாங்கிக்கு அந்தப் பக்கமா?"

"கடல் தாண்டி."

அம்மாள் சற்று யோசித்தாள். "திரும்பி வர வழி தெரியுமா?"

"தெரியும் பாட்டி."

"அப்புறம் என்ன!" என்று பிஞ்சை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அவள் கொடுத்த பிஞ்சுகளை வைக்க இடமில்லாமல் கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பினேன். 'கிணுங்' என்று ஒரு சத்தம். ஹெல்மெட்டின் உள்துணி மடிப்பில் சாவி! இரண்டு மணி நேரமாக நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

மாலையில் நார்த்தாமலைக்குப் போய், வெறும் பாறை மேல் நிற்கும் விஜயாலய சோழீச்வரத்தைப் பார்த்தோம். முத்தரையர் கட்டிய அந்தக் கோயில் மழையால் இடிந்து, மல்லன் விதுமன் என்பவரால் மறுபடி எடுத்துக் கட்டப்பட்டது. சூரியன் இறங்கும் நேரத்தில் கல் பொன்னாகிறது. ஆனால் என் மனம் அங்கே இல்லை.

எனக்கு வேறொரு சைக்கிள் ஞாபகம் வந்திருந்தது. நான் குழந்தையாக இருந்தபோது அக்கா மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் எடுத்து ஓட்டுவாள். என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் பறப்பாள். அவள் பெரியவளான அன்றோடு அது நின்றுபோயிற்று. யாரும் சண்டை போடவில்லை. 'இனிமேல் வேண்டாம்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அக்கா பயந்தாங்கொள்ளி அல்ல. அவளைப் பயப்படச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

கோட்டை மேலிருந்து ஒரு டெலிபோன்

மூன்றாம் நாள் காலை வெல்லக் கட்டியோடு திருக்கோகர்ணம். இம்முறை அம்மன் தரிசனம் கொடுத்தாள். பிறகு பஸ் பிடித்துத் திருமயம்.

1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. அடிவாரத்தில் சிவனும் பெருமாளும் அடுத்தடுத்துக் குடைவரைகளில் இருக்கிறார்கள். 1887-ல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியின் ஊரும் இதுவே. அவருக்கு ஒரு வருஷம் முன்னால் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு வந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் டாக்டரானார். 1927-ல் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். யாரோ ஒருவர் ஒரு நாள் 'சரி' என்று சொன்னதால் விளைந்தது எவ்வளவு!

கோட்டை உச்சியில் பழைய பீரங்கி ஒன்று நிற்கிறது. தெற்கே செட்டிநாட்டு ஊர்கள். அங்கிருந்து ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஸைகோனுக்கும் கப்பலேறினார்கள். பெண்கள் பெரும்பாலும் வீட்டைக் காத்துக்கொண்டு இருந்தார்கள். அங்கே நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"தெளிந்ததா?" என்றாள்.

"எனக்குத் தெளிந்துவிட்டது அக்கா" என்றேன். சாவி தொலைந்த கதையை மறைக்காமல் சொன்னேன். நிபந்தனைகளையும் சொன்னேன். தினம் ஒரு முறை போன் பண்ண வேண்டும். இருட்டிய பின் சாலையில் இருக்கக் கூடாது. அந்த நாட்டில் செல்லக்கூடிய லைசென்ஸ் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது; ஹா ஜாங் மலைப்பாதையில் உள்ளூர்க்காரர் ஓட்டப் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு உண்டு, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்கா பேசவில்லை. கடைசியில், "அந்த வாடகைச் சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா, அக்கா?" என்றேன்.

மறுமுனையில் நெடுநேரம் மௌனம்.

"அங்கே கோயில், குளம் ஏதாவது உண்டா?"

"ஸைகோனில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலே இருக்கிறது. வியத்நாம்காரர்களும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்."

"ஊரில் இறங்கியதும் முதலில் அங்கே போகச் சொல்லு" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தப் பை ரொம்பக் கனமா? குழந்தைக்குத் தோள் வலிக்கப் போகிறது" என்றாள்.

எங்கள் வீட்டு அகராதியில் அதற்கு 'போய் வரட்டும்' என்று அர்த்தம்.

நீங்களும் ஒரு மாசி மாதத்தில் புதுக்கோட்டைக்குப் போய் வாருங்கள், சகோதரிகளே. பாறைகளில் ஏறக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் கல் சுடும். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். நாவலும் முறுக்கு டின்னும் வீட்டிலேயே இருக்கட்டும். சாவியை மட்டும் எங்கே வைத்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறந்தாலும் பாதகமில்லை, வெல்லம் கிலோ என்ன விலை விற்றுவிடப் போகிறது!