கேள்வி கேட்ட காப்பகம்

என் தங்கை பாங்க்கில் வேலை பார்க்கிறாள். அவள் பிள்ளைக்கு இரண்டு வயது. பிறந்ததிலிருந்தே விழுங்குவதில் சிரமம். வலிப்புக்கு மருந்தும் வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். இத்தனை நாள் நான்தான் பார்த்துக்கொண்டேன். என் மாமியார் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானதும் முடியவில்லை. "காப்பகத்தில விடலாம்க்கா" என்று தங்கை சொன்னபோது பெற்றவள் போல என் வயிறும் கலங்கியது.

முதலில் பார்த்த இடத்தில் ஏ.ஸி., பொம்மைகள் எல்லாம் பிரமாதம். "கவலையே படாதீங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். எப்படி ஊட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"படுக்க வச்சு சங்கால புகட்டிடுவோம்!"

பகீரென்றது. இவனுக்குத் தண்ணீரே எமன். நீர்த்ததெல்லாம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று, கெட்டியாக்கித் தரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்து, அப்புறம் அரை மணி படுக்க விடக்கூடாது.

கடைசியாகப் பார்த்தது சின்ன வீடு, எட்டே குழந்தைகள். அந்த அம்மாள்தான் எங்களைக் கேட்டார்: "புரையேறினா முதல்ல என்ன செய்யணும்? வலிப்பு வந்தா யாருக்கு போன் பண்ணணும்? எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒரு வாரம் வந்து ஊட்டிக் காட்டறீங்களா?"

அந்தப் பயம்தான் எங்களுக்குத் தைரியம் தந்தது. மருந்து வேளை, கஞ்சிப் பதம் எல்லாம் அட்டையில் எழுதி சுவரில் மாட்டினோம். ஆறாம் நாள் அவர் ஊட்ட, நான் வாசலில் நின்றேன். கிண்ணம் காலி! எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்தான்.

சகோதரிகளே, "பார்த்துக்கறோம்" என்பவர்களை விட, "எப்படிப் பார்த்துக்கணும்?" என்று கேட்பவர்களை நம்பிக் குழந்தையை விடுங்கள்.